முகப்பைத் தாண்டாத தமிழ்

2021 மே மாதத்தில் 18 முதல் 44 வயது வரையிலானவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கியபோது, மத்திய அரசின் கோவின் தளத்தில் முன்பதிவு செய்வது அவர்களுக்குக் கட்டாயமாக இருந்தது. தளமோ ஆங்கிலத்தில் இருந்தது. இணைய வசதியற்றவர்கள் என்ன செய்வார்கள், இந்திய மொழிகளில் தளம் எப்போது கிடைக்கும் என்ற கேள்விகளை உச்ச நீதிமன்றம் மே 31 தேதியிட்ட உத்தரவில் எழுப்பியது. ஜூன் தொடக்கத்தில் இந்தியும் வேறு பல மொழிகளும் சேர்ந்தன. அந்த முதல் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழ்நாட்டில் கண்டனம் எழுந்த பிறகே சேர்க்கப்பட்டது.

இதை மொழிப் புறக்கணிப்பு என்று பேசினோம். பேசியது சரிதான். ஆனால் அதற்கு அடியில் ஒரு பொறியியல் கேள்வியும் கிடக்கிறது. செயலியை முதலில் ஆங்கிலத்தில் கட்டி முடித்துவிடலாம், மற்ற மொழிகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடுதான் நம் தளங்களில் பெரும்பாலானவை உருவாகின்றன. அப்படிச் சேர்க்கும்போது முகப்புப் பக்கமும் நான்கைந்து பொத்தான்களும் தமிழாகின்றன. படிவத்தை நிரப்பும்போது ஏதாவது தவறினால் வரும் எச்சரிக்கை, ஓடிபி குறுஞ்செய்தி, ரசீது, தேடல், புகார்ப் பகுதி எல்லாம் ஆங்கிலத்திலேயே நின்றுவிடுகின்றன. ஒரு தளம் தமிழில் இருக்கிறதா என்பதை அதன் பிழைச்செய்தியில்தான் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து. எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை ஆங்கிலம் தெரியாதவரும் படத்தைப் பார்த்தோ பக்கத்திலிருப்பவரைக் கேட்டோ பொத்தானை அழுத்திவிடுவார். பணம் போய்விட்டது, சீட்டு வரவில்லை என்ற இடத்தில்தான் அவருக்குத் தன் மொழி தேவைப்படுகிறது.

பன்மொழி மென்பொருளில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. எந்த மொழியையும் ஏற்கும்படி நிரலைக் கட்டுவது ஒன்று. இதைப் பன்னாட்டுமயமாக்கம் என்பார்கள். அப்படிக் கட்டியதில் ஒரு குறிப்பிட்ட மொழியையும் அந்த மக்களின் வழக்கங்களையும் நிரப்புவது இன்னொன்று, இது தன்மொழியாக்கம். முதல் வேலை நிரலாளருடையது. அது நடக்காத இடத்தில் எவ்வளவு நல்ல மொழிபெயர்ப்பாளரை அமர்த்தினாலும் பலன் குறைவு. தமிழை வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும், ஏனென்றால் ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதிய நிரல் எங்கெங்கே உடையுமோ அங்கெல்லாம் தமிழ் அதை உடைத்துக் காட்டிவிடுகிறது.

அடித்தளம் குறியேற்றம், அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் கணினியில் ஓர் எண் தரும் முறை. 1990களில் தமிழ் இணையத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஒவ்வொரு பத்திரிகையின் தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துருவைத் தரவிறக்க வேண்டும். ஒரு தளத்தின் கட்டுரையை வெட்டி இன்னொன்றில் ஒட்டினால் புரியாத குறிகளாக விழும். உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சல் வழியாக விவாதித்து உருவாக்கிய திஸ்கியும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் குறியேற்றங்களும் இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்த எடுத்த முயற்சிகள். இதற்கிடையே, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்றமாக 1991இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி கிடைத்திருந்தது. இந்திய அரசின் இஸ்கி தரத்தைப் பின்பற்றி, தேவநாகரிக்கு வகுத்த அமைப்பின் மேல் அது தமிழை வைத்தது. நம் இலக்கணப்படி 'க்' என்பதே அடிப்படை எழுத்து, 'க' என்பது அதனோடு அகரம் சேர்ந்தது. யூனிகோடிலோ 'க' அடிப்படை, அதோடு புள்ளி சேர்ந்தால் 'க்'. இந்தத் தலைகீழ் அமைப்பை எதிர்த்துத் தமிழறிஞர்களும் கணினி அறிஞர்களும் பல ஆண்டுகள் வாதாடினார்கள். 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது, தமிழ்நாடு அரசு யூனிகோடையும் எல்லா உயிர்மெய்களுக்கும் தனி இடம் தரும் டேஸ்-16 முறையையும் தரங்களாக ஏற்றது. நடைமுறையில் வென்றது யூனிகோடுதான். அந்த விவாதத்தில் எழுந்த குறைகள் உண்மையானவை. அவற்றுக்கான ஈடுகட்டல் இப்போது நிரலாளரின் தலையில் விழுந்திருக்கிறது.

யூனிகோடைச் சேமிக்கக் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992இல் வடிவமைத்த யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் இடம் எடுக்கும். 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. வட்டில் அது 15 பைட். "பெயர் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும்" என்று ஒரு படிவம் சொன்னால், இந்த மூன்று கணக்கில் அது எதைச் சொல்கிறது? நிரலாளர் யோசிக்காவிட்டால் பெரும்பாலும் இரண்டாவதை, சில பழைய தரவுத்தளங்களில் மூன்றாவதை. தமிழ்ப் பெயர்களுக்கு இடம் போதாமல் போவது இப்படித்தான். அதைவிட மோசம், நீளம் மிகுந்தால் வாக்கியத்தைக் குறிக் கணக்கில் வெட்டுவது. புள்ளிக்கு முன் வெட்டு விழுந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். 'வணக்கம்' என்பது 'வணக' என்று நிற்கும். எழுத்துகளை நாம் காணும் அலகுகளாகப் பிரிக்கும் விதிகளை யூனிகோட் அமைப்பே வகுத்திருக்கிறது. இன்றைய உலாவிகளிலும் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டிலும் அதற்கான வசதி இருக்கிறது. பயன்படுத்தத்தான் வேண்டும்.

குறுஞ்செய்தியில் இந்தக் கணக்கு காசாகவே மாறுகிறது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறி, தமிழுக்கு 70. "உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது" என்ற மூன்று சொல்லே 28 குறியைத் தின்றுவிடும். கோரிக்கை எண்ணும் தேதியும் அலுவலகத்தின் பெயரும் சேர்ந்தால் ஒரு செய்திக்கு இரண்டு செய்தியின் கட்டணம் ஆகும். நிறுவனங்கள் குறுஞ்செய்தியை மட்டும் ஆங்கிலத்தில் விட்டுவைக்க இதுவும் ஒரு காரணம். கைபேசியில் தமிழைப் படிக்கத் தெரிந்து ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு அந்தச் செலவை மிச்சம் பிடிக்கலாமா என்பதைத் தொழில்நுட்பக் குழு தனியாக முடிவுசெய்யக் கூடாது. நிர்வாகம் பொறுப்பேற்க வேண்டிய முடிவு அது.

பழைய குறியேற்றங்கள் மறைந்துவிட்டன என்றும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில் எழுத்துருவிலும் இலங்கையில் பாமினி எழுத்துருவிலும் தட்டச்சு செய்த கோப்புகள் ஏராளம். அவற்றை அப்படியே தளத்தில் ஏற்றினால் படத்தைப் போலக் கண்ணால் பார்க்கலாம்; தேட முடியாது, பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் திரைபடிப்பான் படிக்காது. முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும், மாற்றியதை மனிதக் கண் ஒருமுறை சரிபார்த்தாக வேண்டும். தரவுத்தளத்திலும் ஒரு பொறி உண்டு: மைஎஸ்கியூஎல்லில் நெடுநாள் புழங்கிய பழைய யூடிஎஃப்-8 வகை ஒரு குறிக்கு மூன்று பைட் மட்டுமே தரும். வழக்கமான தமிழ் அதில் அடங்கிவிடும். 2019இல் யூனிகோட் 12ஆம் பதிப்பில் சேர்ந்த பழைய தமிழ்ப் பின்னங்களும் அளவைக் குறிகளுமாகிய 51 குறிகள் அதில் அடங்காது. ஆவணக் காப்பகங்களுக்குத் தளம் அமைப்பவர்கள் இதைத் தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டும்.

இனி இலக்கணம். பன்மொழி மென்பொருளின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுதும் நிரலாளர் வாக்கியத்தைத் துண்டுகளாக வெட்டி, நடுவில் பெயருக்கோ எண்ணுக்கோ இடம் விட்டு ஒட்டுவார். ஆங்கிலத்தில் பெயர் மாறாது, சொல்வரிசையும் ஒன்றே என்பதால் அது ஓடிவிடுகிறது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும்போது பெயரின் ஈற்றுக்கு ஏற்ப வடிவம் மாறும். குமாருக்கு, ராணிக்கு, கமலாவுக்கு, செல்வத்துக்கு என்று நான்கு பெயரில் நான்கு விதம். இதை அறியாத வார்ப்புரு எல்லாவற்றின் பின்னும் ஒரு 'க்கு'வை ஒட்டி, 'செல்வம்க்கு செய்தி அனுப்பு' என்று கேட்கிறது. தமிழ் படிப்பவரின் நாக்கு அந்த இடத்தில் தடுக்கும். அவர் பிழையைச் சொல்ல மாட்டார். மொழித் தேர்வில் போய் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்வார். பிறகு, தமிழை யாரும் பயன்படுத்துவதில்லை என்று புள்ளிவிவரம் காட்டுவார்கள்.

இதற்குத் தமிழிலேயே நல்ல வழிகள் உண்டு. ஆளின் பெயராக இருந்தால் "செல்வம் அவர்களுக்கு" என்று எழுதினால் போதும். பெயர் மாறாமல் நிற்கும், மரியாதையும் கூடும். ஊராக இருந்தால் "சேருமிடம்: மதுரை" என்று குறிப்பு வடிவுக்கு மாற்றலாம். ஆனால் வாக்கியத்தை இப்படி மாற்றி அமைக்கும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு இருக்க வேண்டும். முழு வாக்கியம் துண்டுபடாத ஒரே வாசகமாக, நிரலாளர் மொழியில் ஒரே சரமாக, அவர் கைக்கு வர வேண்டும். பெயரும் எண்ணும் எந்த இடத்தில் வரலாம் என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். 'பத்தில் மூன்றாவது பக்கம்' என்பதில் ஆங்கிலம் மூன்றை முதலில் சொல்லும், நாம் பத்தை முதலில் சொல்வோம். இடங்களுக்கு எண்ணிட்டுவிட்டால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. 1990களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் கெட்டெக்ஸ்ட் முதல் ஐசியூ வரை தன்மொழியாக்கக் கருவிகள் எல்லாவற்றிலும் அந்த வசதி உண்டு.

ஒருமை பன்மை இன்னும் நுட்பமானது. யூனிகோட் அமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர் என்ற பொதுத் தரவுக் களஞ்சியம், உலக மொழிகளின் எண்வேறுபாடுகளை ஆறு வகைக்குள் அடக்குகிறது. அரபு ஆறையும் பயன்படுத்துகிறது. ரஷ்யனில் 1, 21, 31 ஒரு வடிவம் எடுக்கும்; 2, 3, 4 இன்னொன்று; 5 முதல் 20 வரை வேறொன்று. ஜப்பானியத்துக்கு ஒரே வகை போதும். தமிழுக்கு ஒருமை, மற்றவை என இரண்டு. இந்த இரண்டும் தமிழ்ப் பேச்சை முழுதாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "ஐந்து மாணவர்கள் வந்தார்கள்" என்பதில் பன்மை கட்டாயம். "ஐந்து செய்தி வந்திருக்கிறது" என்று அஃறிணையில் ஒருமையாகவே பேசுகிறோம். 'ஐந்து செய்திகள் வந்திருக்கின்றன' என்பது எழுத்து நடை. எது வேண்டும் என்பதை உயர்திணையா அஃறிணையா என்பதும் செயலியின் தொனியும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். மொசில்லா 2019இல் முதல் நிலைப்பதிப்பை வெளியிட்ட ஃப்ளூயன்ட் என்ற அமைப்பு இந்த இடத்தில் நல்ல பாதையைக் காட்டுகிறது. ஆங்கில மூலத்தில் ஒரே வடிவம் இருந்தாலும், மொழிபெயர்ப்பாளர் தன் மொழிக்குத் தேவையான அளவு வடிவங்களைத் தானே எழுதிக்கொள்ளலாம். மூலமொழியின் இலக்கணம் இலக்குமொழியைக் கட்டிப்போடக் கூடாது என்ற கொள்கை அதில் இருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கொள்கை அதுவே.

எல்லாமே தமிழுக்குச் சிரமம் என்றும் சொல்ல முடியாது. இந்தியில் வினை பால் காட்டும். எபிரேயத்தில் முன்னிலைக்கே ஆண் பெண் வேறுபாடு உண்டு. பயனரின் பால் தெரியாமல் அந்த மொழிகளில் ஒரு வரி எழுதுவது கடினம். நமக்கு 'நீங்கள்', 'அவர்', 'அனுப்பினார்' என்று மரியாதை வடிவமே பாலைக் கடந்துவிடுகிறது.

வரிசைப்படுத்தலில் ஒரு மறைவான பிழை உண்டு. யூனிகோடில் எழுத்துகள் இருக்கும் வரிசை நம் நெடுங்கணக்கின் வரிசை அன்று. ந-வுக்குப் பின் ன, ர-வுக்குப் பின் ற, பிறகு ல, ள, ழ, வ என்று போகும். புள்ளியோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. ஆகவே வெறும் குறி எண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தினால் 'அவன்' என்பதற்கு முன் 'அறம்' வந்துவிடும். அகராதிகளில் 'அக்கா'வுக்குப் பின் வர வேண்டிய 'அகம்' முன்னால் நிற்கும். சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகளான க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ ஆகியவை மட்டும் தற்செயலாக நெடுங்கணக்கு வரிசையிலேயே அமைந்திருக்கின்றன. பட்டியலின் மேல் பார்வையில் எல்லாம் சரியாகத் தெரிவது அதனால்தான். சோதிப்பவர் கண்ணில் பிழை படுவதில்லை. சிஎல்டிஆரில் தமிழுக்கு முறையான வரிசை விதி இருக்கிறது. தரவுத்தளத்திலும் நிரலிலும் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு வரி போதும்.

தேடலிலும் இதே கதை. 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. இந்த இரண்டையும் ஒன்றாக்கும் இயல்பாக்க விதி யூனிகோடில் உண்டு, தேடுவதற்கு முன் அதை இயக்க வேண்டும். அந்த விதிக்கும் அடங்காதவை சில: ஔகாரத்தின் இறுதியில் 'ள' எழுத்தையே தட்டச்சு செய்வது, இரண்டு விதமாகக் குறியேறும் 'ஸ்ரீ'. ஸ்ரீனிவாசன் என்ற பெயரைத் தேடி 'இல்லை' என்று பதில் வந்தால், அவர் பட்டியலில் இருந்தும் இல்லாதவராகிறார். வாக்காளர் பட்டியலுக்கும் நிலப்பதிவுக்கும் இது சின்ன விஷயம் அன்று.

எழுத்தின் தோற்றம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, பொத்தான் வளர இடம் கொடுக்க வேண்டும். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும் அலங்காரம் தமிழைச் சிதைக்கும். தமிழை அறியாத அச்சு மென்பொருளில் ஒட்டிய வாசகத்தில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வெளிநாடுகளில் அறிவிப்புப் பலகைகளில் அப்படி உடைந்த தமிழைப் பலர் பார்த்திருப்பார்கள். அரபும் எபிரேயமும் வலமிருந்து இடமாகப் போவதால், பக்க அமைப்பை இடது வலது என்று எழுதாமல் தொடக்கம் முடிவு என்று எழுதுவது இப்போதைய வழக்கம். துருக்கி மொழியில் ரோமன் வரிசையின் ஒன்பதாம் எழுத்து புள்ளியுள்ளதும் புள்ளியற்றதுமாக இரண்டு. ஆங்கில முறையில் பெரிய எழுத்தாக்கினால் சொல்லே மாறிவிடும். எண்களில் தமிழ்நாட்டில் 1,00,000 என்று பிரிக்கிறோம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 100,000. ஒரே தமிழ், இரண்டு வழக்கம். மொழியோடு நாட்டையும் சேர்த்துக் குறிக்கும் முறை இதற்காகவே இருக்கிறது.

பெயர்ப் பெட்டியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். முதற்பெயர், குடும்பப் பெயர், இரண்டும் கட்டாயம் என்று கேட்கும் படிவம் தமிழரில் பெரும்பாலோரைப் பொய் சொல்ல வைக்கிறது. நமக்குத் தலைப்பெழுத்து உண்டு, குடும்பப் பெயர் இல்லை. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதுகிறோம், பிறகு "அன்புள்ள திரு." என்று அப்பா பெயரில் கடிதம் வருகிறது. ஓர் ஆவணத்தில் தலைப்பெழுத்து, இன்னொன்றில் விரிவு, மூன்றாவதில் பெயரே இரண்டு முறை என்று பொருந்தாமல் போகிறது. இந்தோனேசியாவில் ஒற்றைப் பெயரோடு வாழ்பவர்கள் ஏராளம். ஐஸ்லாந்தில் தந்தை பெயரின் வழிவரும் பெயரே வழக்கு. சிரமம் நமக்கு மட்டுமன்று. முழுப் பெயருக்கு ஒரே பெட்டி, உங்களை எப்படி அழைக்கலாம் என்று இன்னொரு பெட்டி. அதற்கு மேல் சட்டப்படி தேவைப்பட்டால் மட்டும் கேட்கலாம். பெயரில் ரோமன் எழுத்துகளைத் தவிர வேறெதையும் ஏற்காத சரிபார்ப்பு வரியையும் அழித்துவிடலாம்.

மொழியை எப்படித் தேர்வது? கொடிகளைக் காட்டித் தேரச் சொல்வது பிழை. தமிழுக்கு எந்த நாட்டுக் கொடியை வைப்பது? ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்த மொழியிலேயே எழுதி, எல்லாப் பக்கத்திலும் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். இணைய முகவரியை வைத்து ஊரை ஊகித்து மொழியைத் திணிப்பதும் சரியில்லை. சென்னையில் இருப்பவர் தெலுங்கு பேசுபவராகவோ நேபாளியாகவோ இருக்கலாம். உலாவி ஒவ்வொரு கோரிக்கையிலும் பயனரின் விருப்ப மொழிகளைச் சொல்லி அனுப்புகிறது. அதைக் கேட்டு, பயனர் மாற்றினால் அதை நினைவில் வைத்தால் போதும். பக்கத்தின் நிரலில் மொழி தமிழ் என்று குறிப்பதும் விடுபடக் கூடாது. அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் பார்வையற்றோரின் திரைபடிப்பான் தமிழ்க் குரலைத் தேர்கிறது.

தமிழ் என்று குறித்தால் எந்தத் தமிழ் என்பதும் வரும். இலங்கையில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. அங்கே ஓர் அரசுத் தளத்தின் தமிழ்ப் பக்கம் சட்ட உரிமையின் ஒரு பகுதி. அங்கே மாவட்டச் செயலகம், இங்கே மாவட்ட ஆட்சியர் அலுவலகம். நிர்வாகச் சொற்கள் ஒன்றல்ல. சென்னையில் செய்த மொழிபெயர்ப்பை அப்படியே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் மக்களுக்கு எந்த அலுவலகத்துக்குப் போவதென்றே குழப்பம் வரும்.

யார் மொழிபெயர்ப்பது என்ற கேள்விக்கு விக்கிமீடியாவின் அனுபவம் நல்ல பாடம். விக்கிப்பீடியா முந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் இயங்குகிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அதில் ஒன்று. அதன் மென்பொருளின் வாசகங்களைத் தன்னார்வலர்கள் டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் மொழிபெயர்க்கிறார்கள். அங்கே ஒவ்வொரு சரத்துக்கும் அது எங்கே தோன்றும், பொத்தானா தலைப்பா, நடுவில் வருவது ஆளா எண்ணா என்ற விளக்கத்தை நிரலாளர் எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. தொழில்முறை நிறுவனங்களில் இதுதான் அரிதாக இருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்குச் சூழல் இல்லாத ஒற்றைச் சொற்களின் அட்டவணை ஒன்றை அனுப்பிவிட்டு நாளைக்கே வேண்டும் என்கிறார்கள்.

இயந்திர மொழிபெயர்ப்பு வந்த பின் இந்த நிலை மேம்பட்டும் கெட்டும் இருக்கிறது. கூகுள் 2011இல் தமிழைச் சேர்த்தபோது கிடைத்த வாக்கியங்களையும் இன்று கிடைப்பவற்றையும் ஒப்பிட்டால் முன்னேற்றம் மிகப் பெரிது. கட்டுரையின் முதல் வரைவுக்கு, பயனர் எழுதிய கருத்தைப் புரிந்துகொள்ள அது பயன்படும். ஆனால் ஒற்றைச் சொல் பொத்தான்களில் அதற்கும் சூழல் தெரியாது. மருந்தின் அளவு, கடனின் நிபந்தனை, மேல்முறையீட்டின் கெடு ஆகியவற்றில் ஓர் எதிர்மறை விகுதி விடுபட்டால் பாதிக்கப்படுபவர் மூலத்தோடு ஒப்பிட முடியாதவர். அத்தகைய வாசகங்களை மனிதர் சரிபார்க்காமல் வெளியிடுவதை நான் ஏற்க மாட்டேன்.

தொழில்நுட்பக் குழுக்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்பே, எல்லா ஆங்கில வாசகங்களையும் மூன்றில் ஒரு பங்கு நீட்டி, எழுத்துகளுக்கு மேல் குறிகள் இட்ட போலிமொழி ஒன்றை உருவாக்கிச் செயலியை ஓட்டுவது. எங்கே மாறாத ஆங்கிலம் தெரிகிறதோ அங்கே சரம் நிரலுக்குள்ளேயே புதைந்திருக்கிறது. எங்கே சொல் பெட்டியை மீறுகிறதோ அங்கே வடிவமைப்பு பத்தவில்லை. அரை நாள் வேலை. கட்டி முடித்த பின் ஒவ்வொரு பக்கமாகத் தோண்டுவதற்கு மாதங்கள் ஆகும்.

அரசுத் துறைகள் இதை ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுத வேண்டும். "தளம் தமிழிலும் இருக்க வேண்டும்" என்ற ஒரு வரி முகப்புப் பக்கத்தைத்தான் தரும். பிழைச்செய்திகள், குறுஞ்செய்திகள், அச்சாகும் ரசீது, தேடல், வரிசை, புகார்ப் பகுதி என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். தமிழ் மட்டும் படிப்பவர்கள் சிலரை உட்காரவைத்து, பதிவு செய்வதிலிருந்து தவறிய பணத்தைத் திரும்பக் கேட்பதுவரை யாருடைய உதவியும் இல்லாமல் முடிக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே இறுதித் தவணையை விடுவிக்க வேண்டும். செயலி இரண்டாம் பதிப்புக்குப் போகும்போது புதிய வாசகங்கள் மட்டும் ஆங்கிலத்தில் முளைப்பது வழக்கம்; ஆகவே ஆண்டுப் பராமரிப்புத் தொகையில் மொழிக்கென ஒரு பங்கு ஒதுக்கி, மொழிபெயர்க்கப்படாத சரங்களின் பட்டியலைத் துறை அதிகாரி பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே புதிய பதிப்பை வெளியிட வேண்டும் என்ற விதியையும் அதே ஒப்பந்தத்தில் சேர்க்கலாம்.